அரிதாரமும் கத்தரியும்

மாஸ்கோ மாணவர் மூவர் எடுத்த ஒரு குறும்படம் பற்றிய ஆய்வு

நடிகன் தன் முகம் காணப்பட வேண்டும் என்று விரும்புகின்றான். படத்தைத் தொகுப்பவனோ அம்முகம் எவ்வளவு நேரம் காணப்பட்டால் போதும் என்று கணக்கிடுகின்றான். நடிகனுக்கு ஒவ்வொரு நொடியும் தன் உழைப்பின் பயன். தொகுப்பவனுக்கு வேண்டாத நொடி ஒவ்வொன்றும் படத்தின் மேல் ஏறிய சுமை. ஒருவன் சேர்க்கப் பிறந்தவன். மற்றவன் கழிக்கப் பிறந்தவன். இவ்விருவரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? தன் முகத்தின் மேல் தானே கத்தரியை வைக்கும் துணிவு ஒருவனுக்கு வருமா?

பெரிய படப்பிடிப்பு நிலையங்களில் இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஆள் உண்டு. மாணவர் எடுக்கும் குறும்படங்களிலோ இது நாள்தோறும் எழும் வினா. ஆள் இல்லை, பொருள் இல்லை, கூலி கொடுக்க வழியில்லை. ஆகவே இயக்குகின்றவனே நடிக்கின்றான். நடித்தவனே வெட்டி ஒட்டுகின்றான். இவ்வறுமையினால் கலை கெடுகின்றதா, வளர்கின்றதா என்பதை ஆராய்வதற்கு ஏற்ற சான்று ஒன்று உண்டு. அது 1956ஆம் ஆண்டில் மாஸ்கோ திரைப்படக் கல்லூரி மாணவர் எடுத்த ‘கொலைஞர்கள்’ என்னும் படம். ஓடும் நேரம் ஏறத்தாழ 19 நிமிடம். கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட சிறுகதையைத் தழுவியது.

கல்லூரியும் ஆசிரியரும்

1919ஆம் ஆண்டில் தோன்றிய அக்கல்லூரி, உலகில் அரசு நிறுவிய திரைப்படக் கல்லூரிகளுள் மிகப் பழையது. சோவியத்து ஒன்றியம் 1991இல் மறைந்த பின்னரும் அது உருசியாவின் திரைப்படப் பல்கலைக்கழகமாக நின்று நிலவுகின்றது. செர்கேய் ஐசன்ஸ்டைன் அங்கே கற்பித்தவர். லெவ் குலெஷோவ் அங்கே நெடுங்காலம் ஆசிரியராய் இருந்தவர். படத்துண்டுகளை இணைக்கும் முறையை ஓர் இலக்கணமாகவே வகுத்தவர்கள் இவர்கள். அவ்விலக்கணம் பிறந்த வீட்டில் பயின்ற பிள்ளைகளின் படம் என்பதனால் ‘கொலைஞர்கள்’ கூடுதலான கவனத்திற்கு உரியது.

1954ஆம் ஆண்டில் மிக்கையில் ரோம் என்னும் இயக்குநர் தம் வகுப்பிற்கு மாணவரைத் தேர்ந்தெடுத்தார். அவ்வகுப்பில் இடம் பெற்றவருள் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி ஒருவர். வசீலி சுக்ஷின் மற்றொருவர். முன்னவர் கவிஞர் ஒருவரின் மகன். பின்னவர் அல்தாய்ப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியிற் பிறந்து, தொழிலாளியாகவும் கடற்படை வீரராகவும் காலம் கழித்து, தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றிவிட்டு வந்தவர். ஒருவருக்கொருவர் எவ்வகையிலும் ஒவ்வாத இவ்விருவரையும் ஒரே வகுப்பில் அமர்த்திய ரோமின் மதிநுட்பத்தைப் பின்வந்த வரலாறு மெய்ப்பித்தது.

கல்லூரியில் கருவிகள் போதவில்லை. ஆகவே மாணவர் இருவராகவும் மூவராகவும் சேர்ந்து படம் எடுக்க வேண்டியதாயிற்று. தார்க்கோவ்ஸ்கி, அலெக்சாண்டர் கோர்டன், கிரேக்க நாட்டு மாணவியாகிய மரிக்கா பெய்க்கு ஆகிய மூவரும் ஒரு குழுவாயினர். ஹெமிங்வேயின் கதையை எடுக்கலாம் என்ற எண்ணம் தார்க்கோவ்ஸ்கியுடையது. ‘கிழவனும் கடலும்’ உருசிய மொழியில் 1955இல் வெளிவந்து இளைஞர் உள்ளங்களைக் கவர்ந்திருந்த காலம் அது. வேடங்களை உடன் பயின்ற மாணவரே ஏற்றனர். வேண்டிய பொருள்கள் நண்பர் வீடுகளிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தன.

படத்தில் மூன்று காட்சிகள். முதற்காட்சியையும் மூன்றாங் காட்சியையும் தார்க்கோவ்ஸ்கியும் பெய்க்குவும் இயக்கினர். நடுக்காட்சியைக் கோர்டன் இயக்கினார். ‘தார்க்கோவ்ஸ்கியின் முதற்படம்’ என்று இன்று பலரும் இதனைச் சுட்டும்பொழுது மற்ற இருவர் பெயரும் விடுபட்டுப் போகின்றன. அது முறையன்று. இப்படத்தின் சிறப்பும் குறையும் மூவர் கையும் பட்டதனால் விளைந்தவை.

கதை சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் உணவுக்கடை. மாலைப்பொழுது. இருவர் உள்ளே வருகின்றனர். உணவு கேட்கின்றனர், கடைக்காரன் ஜார்ஜை ஏளனம் செய்கின்றனர். கடையில் இருந்த நிக் ஆடம்சு என்னும் இளைஞனையும் சமையற்காரனையும் அடுக்களைக்குள் கட்டிப் போடுகின்றனர். ஓல் ஆந்திரேசன் என்னும் பழைய குத்துச்சண்டை வீரன் வழக்கமாக அங்கே உண்ண வருவான். அவனைக் கொல்வதற்கே வந்திருப்பதாக வெளிப்படையாகவே கூறுகின்றனர். அவன் வரவில்லை. அவர்கள் போய்விடுகின்றனர். நிக் ஓடிச் சென்று ஆந்திரேசனிடம் செய்தியைச் சொல்கின்றான். அவனோ படுக்கையை விட்டு எழவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சுவரை நோக்கித் திரும்பிப் படுத்துக் கொள்கின்றான். நிக் திரும்பி வந்து, இந்த ஊரில் இனி இருக்க மாட்டேன் என்கின்றான். அவ்வளவே கதை.

கொலைஞர் வந்த கதையில் கொலை நிகழவில்லை. ஆந்திரேசன் செய்த குற்றம் யாது? சொல்லப்படவில்லை. அவன் ஏன் ஓடவில்லை? சொல்லப்படவில்லை. கதை முழுவதும் உரையாடலே. எவர் உள்ளத்துள்ளும் ஆசிரியர் நுழைந்து பார்ப்பதில்லை. ‘அஞ்சினான்’, ‘நடுங்கினான்’ என்னும் சொற்களால் அவர் கதையை நடத்துவதில்லை.

இத்தகைய கதை படமாக்குவதற்கு எளிது என்று தோன்றும். உரையாடலை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும் அன்றோ? உண்மை அதற்கு மாறானது. ஏட்டில் ‘ஜார்ஜ் கடிகாரத்தைப் பார்த்தான்’ என்று எழுதினால் போதும். எப்படிப் பார்த்தான் என்பதைப் படிப்பவர் நிரப்பிக் கொள்வார். திரையிலோ அவன் எப்படியாவது பார்த்தே தீர வேண்டும். கண் சற்று விரிந்தாலும் ஒரு பொருள். விரியாவிட்டாலும் ஒரு பொருள். ஆசிரியர் சொல்லாமல் விட்டதை நடிகன் தன் முகத்தினால் சொல்லிவிட்டால் கதை பாழாகும். ஆகவே இக்கதையை நடிப்பவன் கற்க வேண்டிய முதற்பாடம், நடியாதிருத்தல்.

உள்ளத்து நிகழ்ச்சி உடலிற் புலப்படுவதை மெய்ப்பாடு என்று தொல்காப்பியம் கூறும். அச்சம் அவற்றுள் ஒன்று. ஆனால் அஞ்சுகின்றவன் தன் அச்சத்தை மறைக்க முயலும்பொழுது மெய்ப்பாடு எங்கே தோன்றும்? மறைக்கும் முயற்சியிலேதான் தோன்றும். கொலைஞரின் கண்முன்னே வாடிக்கையாளருக்கு விடை கூறி அனுப்பும் ஜார்ஜின் நிலை இதுவே. அச்சம் அவன் குரலில் இருக்கக் கூடாது. இருந்தால் உயிர் போகும். அச்சம் காண்பவர் நெஞ்சில் இருக்க வேண்டும். இல்லாவிடில் படம் போகும். இந்த முரணை நடிப்பு மட்டும் தீர்க்க முடியாது. தொகுப்பின் துணை வேண்டும்.

குலெஷோவ் காட்டிய வழி

இத்துணை எத்தகையது என்பதைக் குலெஷோவ் செய்த ஆய்வு விளக்கும். மொசூகின் என்னும் நடிகரின் முகத்தை எடுத்த ஒரே துண்டினை அவர் வெவ்வேறு துண்டுகளுடன் இணைத்தார். ஓரிடத்தில் சூப்புக் கிண்ணம், ஓரிடத்தில் பிணப்பெட்டி. கண்டோர் ஓரிடத்தில் பசியையும் மற்றோரிடத்தில் துயரத்தையும் அம்முகத்தில் கண்டு நடிகரைப் புகழ்ந்தனராம். முகமோ மாறவே இல்லை. இவ்வாய்வு பற்றிய செய்தியை எழுத்தில் பரப்பியவர் அவர்தம் மாணவர் புடோவ்கின்.

இதனைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் நடிகன் வேண்டுவதில்லை; கத்தரி போதும்’ என்று முடிவு கட்டியவர் உண்டு. அம்முடிவு தவறானது. குலெஷோவின் பட்டறையில் மாணவர் முதலில் நடிக்கப் பயின்றனர். படச்சுருள் கிடைக்காத காலத்தில் படமில்லாமலே காட்சிகளை நடித்துப் பழகினர். புடோவ்கினே அப்பட்டறையில் நடிகராய் விளங்கியவர். 1924இல் வெளிவந்த குலெஷோவின் ‘திருவாளர் வெஸ்ட்’ படத்தில் அவர் நடித்தார். 1926இல் தாம் இயக்கிய ‘தாய்’ படத்திலும் காவல் அதிகாரியாகச் சிறு வேடம் ஏற்றார். நடிப்பையும் தொகுப்பையும் ஒருவரே கற்பது அங்கே வறுமையினால் தொடங்கிற்று. பின்னர்ப் பாடத்திட்டமாகவே நிலைபெற்றது. இம்மரபின் கொழுந்துகளே ரோமின் மாணவர்.

வந்து போகும் ஒருவன்

முதற்காட்சியில் கொலைஞர் காத்திருக்கும் வேளையில் மூவர் ஒருவர்பின் ஒருவராய்க் கடைக்குள் வருகின்றனர். மூவரையும் ஜார்ஜ் ஏதேனும் கூறி அனுப்பிவிடுகின்றான். கதைப்போக்கில் இவர்களுக்கு வேலையே இல்லை. இவர்களை நீக்கினாலும் நிகழ்ச்சி மாறாது. ஆனால் இவர்களை நீக்கினால் காத்திருப்பு இல்லை. கதவு திறக்கும்பொழுதெல்லாம், ‘வருபவன் ஆந்திரேசனோ?’ என்று காண்பவர் நெஞ்சு துணுக்குறுகின்றது. அவன் அல்லன் என்று தெரிந்ததும் ஆறுதல் பிறக்கின்றது. ஆறுதல் முடிவதற்குள் அடுத்த கதவொலியை நெஞ்சு எதிர்நோக்குகின்றது. அச்சம் ஜார்ஜின் முகத்தில் இல்லை. அது கதவில் இருக்கின்றது. கதவையும் முகத்தையும் காலத்தையும் இணைப்பது தொகுப்பு.

அம்மூவருள் ஒருவராக வருபவர் தார்க்கோவ்ஸ்கியே. இயக்குநர் தமக்கென்று எடுத்துக்கொண்ட வேடம் இது. கொலைஞனாக வந்திருக்கலாம், நிக்காக வந்திருக்கலாம், 24 வயது இளைஞர்க்கு அவை பொருந்தாதவையும் அல்ல. ஆயினும் பெயர் கூட இல்லாத வாடிக்கையாளன் வேடமே அவருக்குப் போதுமானதாயிற்று. தாம் இயக்கும் காட்சியில் தாமே நடிப்பவர் பெரிய வேடம் ஏற்பின், அக்காட்சியை வெளியிலிருந்து பார்க்கும் கண் இல்லாமற் போகும். சிறு வேடம் ஏற்றமையால் கண் காக்கப்பட்டது.

இங்கே கோர்டனின் நிலையும் நோக்கத்தக்கது. ஜார்ஜாக நடித்தவர் அவரே. அது பெரிய வேடம். முதற்காட்சியைத் தாங்கும் தூண். ஆனால் ஜார்ஜ் வரும் காட்சிகளை அவர் இயக்கவில்லை. தார்க்கோவ்ஸ்கியும் பெய்க்குவும் இயக்கினர். தாம் இயக்கிய நடுக்காட்சியில் ஜார்ஜுக்கு இடமில்லை. இவ்வாறு பெரிய வேடம் ஏற்றவர் இயக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டார்; இயக்கும் பொறுப்பை ஏற்றவர் சிறு வேடத்தோடு நின்றார். இது திட்டமிட்டு அமைந்ததோ, தேவையினால் அமைந்ததோ, எவ்வாறாயினும் மாணவர் குழுக்கள் பின்பற்றத் தக்க நல்ல ஒழுங்கு.

சீழ்க்கை பற்றிய வழக்கு

தார்க்கோவ்ஸ்கியின் வேடத்தில் ஒரு செய்தி வழக்கிற்கு உரியது. அவர் சீழ்க்கை அடிக்கின்றார். அவர் எழுப்பும் மெட்டு ‘பேர்ட்லேண்டின் தாலாட்டு’ என்னும் ஜாஸ் பாட்டு. ஜார்ஜ் ஷியரிங் 1952இல் இயற்றியது; நியூயார்க்கின் இசைக்கூடம் ஒன்றன் பெயரைத் தாங்கியது. 1927இல் வெளிவந்த கதைக்குள் 1952இன் பாட்டு எவ்வாறு நுழைந்தது?

குற்றம் சாட்டுவோர் இருவகை வாதம் கூறலாம். காலவழு என்பது ஒன்று. தற்பெருமை என்பது மற்றொன்று. ஜாஸ் இசை சோவியத்து நாட்டில் ஐயத்தோடு நோக்கப்பட்ட காலம் முற்றும் மறையாத வேளை. அயல்நாட்டு மெட்டைத் தெரிந்து வைத்திருப்பதே இளைஞரிடையே ஒரு பெருமை. இயக்குநர் தம் இரசனையைக் காட்டிக்கொள்ள வேடத்திற்குத் தேவையில்லாத அணி ஒன்றைப் பூட்டினார். தம் பங்கு என்பதனால் வெட்டாமல் விட்டார் என்பது அவர்தம் வாதம்.

முதல் வாதம் வலுவற்றது. கதையிலேயே ஆண்டு குறிக்கப்படவில்லை. மாணவர் அணிந்த உடையும் அமைத்த கடையும் ஓர் ஆண்டினைக் காட்ட முயன்றவையும் அல்ல. இரண்டாம் வாதம் எண்ணத்தக்கது. இளமையின் சிறு பெருமிதம் அச்சீழ்க்கையில் இல்லை என்று உறுதி கூற இயலாது. ஆனால் ஒரு துண்டு படத்தில் நிற்கலாமா என்பதைப் போட்டவனின் நோக்கத்தைக் கொண்டு முடிவு செய்வதில்லை. அத்துண்டு செய்யும் வேலையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

அது செய்யும் வேலை யாது? அடுக்களையில் இருவர் கட்டுண்டு கிடக்கின்றனர். கொல்ல வந்தவர் காத்திருக்கின்றனர். வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவன் மட்டுமே அந்த அறையில் சீழ்க்கை அடிக்க முடியும். காண்பவர் அறிந்ததற்கும் அவன் அறியாததற்கும் இடையே உள்ள தொலைவை அந்த மெட்டு அளந்து காட்டுகின்றது. மேலும், இசைக்கு அளவு உண்டு. வெறும் மௌனத்தில் ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று காதுக்குத் தெரியாது. மெட்டு ஒன்று ஓடும்பொழுது காலம் ஓடுவது காதுக்கே தெரிகின்றது. கொலைக்குக் காத்திருக்கும் இடத்தில் கேட்பது தாலாட்டு என்பதும் பொருளற்றதன்று. நடிப்பாகப் பார்த்தால் அது வேடத்தின் அளவைச் சற்று மீறியதே. தொகுப்பாகப் பார்த்தால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றது. இரண்டையும் நிறுத்துப் பார்க்கும்பொழுது வெட்டாமல் விட்டதே சரி என்ற முடிவிற்கே வர வேண்டும்.

சுவரை நோக்கிய முகம்

நடுக்காட்சி வேறோர் உலகம். சிறிய அறை, படுக்கை, இருவர். ஆந்திரேசனாகச் சுக்ஷின். நிக்காக யூலி ஃபாயித். முதற்காட்சியில் ஆள் வருவதும் போவதுமாக இருந்த படம் இங்கே அசையாமல் நின்றுவிடுகின்றது.

நடிகன் ஒருவனுக்குக் கொடுக்கத்தக்க வேடங்களுள் இதைவிடக் கொடியது இருத்தல் அரிது. எழுந்து நிற்க இடமில்லை. கையை வீச வழியில்லை. உரக்கப் பேச இடமில்லை. தன் சாவுச் செய்தியைக் கேட்கின்றான். கேட்டும் படுத்தே கிடக்கின்றான். நடிகனின் முதற்கருவியாகிய முகத்தையே சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது கதையின் கட்டளை. சுக்ஷின் இக்கட்டளைக்கு முழுமையாகப் பணிந்தார். ஓய்ந்துபோன பெரிய உடல் ஒன்று கட்டிலில் கிடக்கின்றது என்னும் எண்ணத்தையே அவர் உண்டாக்குகின்றார். கொலைஞராக வந்த மாணவர் தொப்பியாலும் மேலங்கியாலும் செய்ய முயன்றதை அவர் ஒன்றும் செய்யாமலே செய்துவிடுகின்றார்.

வாழ்க்கை தந்த கல்வி இது எனலாம். உடன் பயின்றோர் பலர் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வந்தவர். சுக்ஷினோ உழைப்பிலிருந்து வந்தவர். ஓய்ந்த உடல் எவ்வாறு கிடக்கும் என்பதை அவர் ஏட்டிற் படிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தகைய நடிப்பின்முன் தொகுப்பவன் செய்ய வேண்டுவது ஒன்றே: கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. இடையிடையே வெட்டி நிக்கின் கலங்கிய முகத்தைக் காட்டிக் காட்டி இரக்கத்தைப் பிழிந்திருந்தால் இக்காட்சி மலிந்து போயிருக்கும். வெட்டாமல் இருக்கத் தெரிவதும் கத்தரியின் கல்வியே.

குறைகள்

இப்படத்தைக் குறையற்றது என்று கூறுவது மாணவர்க்குச் செய்யும் உதவியன்று. முதற்குறை வயது. இருபதுகளில் இருப்பவர் முரட்டுக் கொலைஞராகவும் உலகம் கண்ட கடைக்காரனாகவும் தோன்றும்பொழுது ஒப்பனை முந்துகின்றது, ஆள் பிந்துகின்றார். கொலைஞரின் கறுப்பு மேலங்கியும் கறுப்புத் தொப்பியும் வாழ்க்கையிலிருந்து வந்தவை அல்ல. அமெரிக்கப் படங்களிலிருந்து வந்தவை. அமெரிக்காவைக் காணாதவர் அமெரிக்கப் படங்களைக் கண்டு அமைத்த அமெரிக்கா இது.

இரண்டாவது குறை, கதைக்குக் காட்டிய மிகையான பணிவு. உரையாடலைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியமையால் சிலவிடத்துப் படம் படிப்பது போல் ஆகிவிடுகின்றது. எனினும் இக்குறையை மற்றொரு படத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் நன்று. இதே கதையை 1946இல் ராபர்ட் சியோத்மாக் ஹாலிவுட்டில் எடுத்தார். பர்ட் லங்காஸ்டர் திரையில் முதன்முதல் தோன்றிய படம் அது. கதையைத் தொடக்கத்தில் முடித்துவிட்டு, ஹெமிங்வே சொல்லாமல் விட்ட காரணங்களை எல்லாம் மீதிப் படம் முழுதும் அது விளக்கிச் சொல்கின்றது, கொலையும் நிகழ்ந்துவிடுகின்றது. அது திறமையான படம். ஆயினும் ‘அவன் ஏன் ஓடவில்லை?’ என்னும் வினா அங்கே விடை பெற்று அடங்கிவிடுகின்றது. மாஸ்கோ மாணவரின் படத்தில் அவ்வினா வினாவாகவே நிற்கின்றது. பணிவு இங்கே ஒரு வகையில் துணிவும் ஆயிற்று.

மூன்றாவது குறை, இரு கைகளின் வேறுபாடு. முதற்காட்சியின் பரபரப்பும் நடுக்காட்சியின் அமைதியும் ஒரே படத்தின் இரு பகுதிகளாய் முற்றும் இயையவில்லை. கூட்டுப்பணியின் விலை இது. ஆசிரியர் ரோம் இவ்வேறுபாட்டைக் கண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை. எனினும் படத்தைப் பெரிதும் பாராட்டினார். முதல் முயற்சியில் எதைத் திருத்த வேண்டும், எதை வளரவிட வேண்டும் என்பதை அறிந்த ஆசிரியரின் செயல் அது.

விதையும் மரமும்

‘பின்னாளில் புகழ் பெற்றவர் என்பதனால் அன்றோ இச்சிறு பயிற்சிப் படத்தை ஆராய்கின்றனர்?’ என்று கேட்பார் உளர். நேர்மையான வினா. இதற்கு விடை காண எளிய வழி, பெயர்களை மறைத்துவிட்டுப் பார்ப்பது. அவ்வாறு பார்ப்பவர் கண் முதலில் சென்று தங்கும் இடம் இயக்குநர் அன்று. கட்டிலில் கிடக்கும் அந்த மனிதனே. புகழ் வந்து சேராத நாளிலும் அக்காட்சி நின்றிருக்கும்.

பின்வந்த வரலாறு, அன்று விதைத்தவை எவ்வாறு முளைத்தன என்பதைக் காட்டுகின்றது. சுக்ஷின் சிறுகதை ஆசிரியராகவும் நடிகராகவும் இயக்குநராகவும் வளர்ந்தார். 1974இல் வெளிவந்த ‘செங்காலினா’ என்னும் படத்தில் எழுத்து, இயக்கம், தலைமை வேடம் மூன்றும் அவருடையவை. அதே ஆண்டில் 45 வயதில் மறைந்தார். கோர்டன் பின்னாளில் இயக்கிய ‘செர்கேய் லாசோ’ என்னும் படத்தில் தார்க்கோவ்ஸ்கி ஒரு வேடம் ஏற்றார். கல்லூரித் தோழமை அறுந்து போகவில்லை.

தார்க்கோவ்ஸ்கியோ 1962இல் ‘இவானின் இளமை’ படத்திற்காக வெனிசு விழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்று உலகப் புகழ் எய்தினார். படத்தின் உயிர் துண்டுகளை இணைப்பதில் இல்லை. ஒவ்வொரு துண்டின் உள்ளேயும் ஓடும் காலத்தில் இருக்கின்றது என்பது அவர்தம் கொள்கையாயிற்று. ஐசன்ஸ்டைன் கற்பித்த கல்லூரியிலிருந்து ஐசன்ஸ்டைனை மறுக்கும் கொள்கை பிறந்தது. ஆனால் அவர் தொகுப்பை இகழ்ந்தவர் அல்லர். 1975இல் வெளிவந்த ‘கண்ணாடி’ என்னும் படத்தை இருபதுக்கு மேற்பட்ட வகைகளில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்ததாகவும், படம் எழுந்து நிற்கவே மறுத்ததாகவும், கடைசி முயற்சியிலேயே அது கூடி வந்ததாகவும் அவரே எழுதியுள்ளார். இருநூறு துண்டுகளே கொண்ட படத்திற்கு இருபது முறை! கத்தரியை நம்பாதவர் கத்தரியோடு பட்ட பாடு இது.

அப்படத்தில் கதை கூறுபவர் வளர்ந்த ஆளாய் முகம் காட்டுவதே இல்லை. அவர் நோயுற்றுக் கிடக்கும் காட்சியில் ஒரு கை மட்டும் சிறு பறவை ஒன்றை எடுத்துப் பறக்கவிடுகின்றது. அக்கை தார்க்கோவ்ஸ்கியின் கை என்று கூறுவர். தம் வாழ்வையே கதையாகக் கொண்ட படத்தில் தம் முகத்திற்கு இடங்கொடாமல் கையளவில் நின்றார். 19 ஆண்டுகளுக்கு முன், மாணவப் படத்தில், கட்டிலில் ஒருவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிய காட்சியும், இயக்குநர் பெயரற்ற வாடிக்கையாளராக வந்து சென்ற காட்சியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. நடிகனுக்குள் இருந்த தொகுப்பவன் வென்ற இடங்கள் இவை.

ஆசிரியர்க்கு ஒரு செய்தி

1956இல் படச்சுருளைக் கையால் வெட்டி, பசையிட்டு ஒட்ட வேண்டும். வெட்டியது தவறானால் மீண்டும் ஒட்டும் வேலை எளிதன்று; சுருளின் ஒவ்வோர் அடிக்கும் கணக்கு உண்டு. இன்றோ மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளி மாணவர் கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்து, அதிலேயே தொகுத்து, அதில் தாமே நடிக்கவும் செய்கின்றனர். சுருளின் வறுமை நீங்கிவிட்டது. வறுமை கற்பித்த பாடம் மட்டும் நீங்கலாகாது.

கட்டுரை திருத்தும் ஆசிரியர் அனைவரும் ஒன்றை அறிவர். மாணவனுக்குச் சேர்த்து எழுதக் கற்பிப்பது எளிது. அடித்துவிடக் கற்பிப்பது அரிது. அதிலும் தனக்கு மிகவும் பிடித்த வரியை அவனே அடிக்கும்படி செய்வது மிக அரிது. பிறர் அடித்தால் அது திருத்தம்; தானே அடித்தால் அது தேர்ச்சி. குறும்படத்தில் தானே நடித்து, தன் முகத்தைத் தானே திரையில் பார்த்து, ‘இவ்விடத்தில் இம்முகம் வேண்டாம்’ என்று நீக்கும் மாணவன் கற்பது திரைப்படக் கலை ஒன்றை மட்டுமன்று. தன்னைப் பிறனாக நின்று பார்க்கும் கண்ணை அவன் பெறுகின்றான். அந்தக் கண் திறந்துவிட்டால், அவன் எழுதும் கட்டுரையும் செம்மையுறும். பேசும் பேச்சும் அளவறிந்து நிற்கும்.

‘கொலைஞர்கள்’ பெரும்படம் அன்று. 19 நிமிடப் பயிற்சி. ஆயினும் அப்பயிற்சியில் மூன்று மாணவர் தம்முள் வேலையைப் பிரித்துக்கொண்ட முறையும், ஒருவர் தமக்குச் சிறு வேடத்தை வைத்துக்கொண்ட அடக்கமும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே நடிக்க இசைந்த ஒரு நடிகரின் பெருந்தன்மையும் பதிந்துள்ளன. அவை எந்த நாட்டு மாணவர்க்கும் பாடமாகும்.